திரும்பிப் போனால் என்ன நடக்கும்? அரசியல் தஞ்சக் கோரிக்கைகளும் தூத்துக்குடிக் கடலும்

1. கேள்வி

2019 ஆகஸ்ட் 1 அன்று தூத்துக்குடிக்கு அருகே ‘விர்கோ 9’ என்ற இழுவைக் கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படை நிறுத்தியது. மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுசென்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. மாலுமிகள் ஒன்பது பேர். எட்டுப் பேர் இந்தோனேசியர், ஒருவர் இந்தியர். பத்தாவதாக இருந்தவர் மாலத்தீவின் முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் அகமது அதீப். தன் நாட்டில் உயிருக்கு ஆபத்து என்றும் இந்தியா தஞ்சம் தர வேண்டும் என்றும் அவருடைய வழக்கறிஞர்கள் லண்டனிலிருந்து அறிவித்தார்கள். அதிகாரிகள் கப்பலிலேயே அவரை விசாரித்தார்கள். சில நாட்களுக்குள் அதே கப்பலில் அவர் திருப்பி அனுப்பப்பட்டு, மாலத்தீவுக் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டார்.

வெளியுறவு அமைச்சகம் சொன்ன காரணம் சுருக்கமானது: அனுமதிக்கப்பட்ட நுழைவிடம் வழியாக அவர் வரவில்லை; செல்லத்தக்க பயண ஆவணமும் அவரிடம் இல்லை. இரண்டுமே உண்மைதான். ஆனால், அஞ்சி ஓடிவருகிறவர்களில் பெரும்பாலோரைப் பற்றி இதையே சொல்லிவிட முடியும். அதீபின் அச்சம் மெய்யா, பொய்யா, மெய்யென்றால் எவ்வளவு என்பது பற்றி அந்த விளக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை.

அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுவேன் என்று ஒருவர் சொல்லும்போது அதை எப்படி ஆராய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்த ஆராய்ச்சியின் மையத்தில் இருக்க வேண்டியது ‘திரும்பிப் போனால் இவருக்கு என்ன நடக்கும்?’ என்பது ஒன்றே. நடைமுறையில் அந்த இடத்தை வேறு கேள்விகள் பிடித்துக்கொள்கின்றன: எந்த வழியாக வந்தார், நல்லவரா, சொன்ன தேதிகள் ஒத்துப்போகின்றனவா, பிழைப்புக்காகவும் வந்தாரா. இவையெல்லாம் கேட்கத் தகாத கேள்விகள் அல்ல. மையக் கேள்விக்குத் துணையாக நிற்க வேண்டியவை அதையே ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்போதுதான் அநீதி நேர்கிறது.

2. சாயர்புரம்: அடைக்கலமும் உள்நோக்கமும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் சாயர்புரம் வரும். இன்று போப் கல்லூரியாலும் ஜி.யு. போப் அங்கே நடத்திய செமினரியாலும் அறியப்படும் ஊர். ஊர் பிறந்த கதை அவருக்கும் முந்தையது. 1814இல் சாமுவேல் சாயர் என்ற வணிகர் நிலம் வாங்கிக் கிறிஸ்தவர்களைக் குடியமர்த்தினார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1799இல், முதலூர் இதே போல உருவாகியிருந்தது. புதிதாக மதம் மாறிச் சொந்த ஊரில் அடி உதைக்கும் வீடிழப்புக்கும் ஆளானவர்கள் ஒதுங்குவதற்கென்று நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு அது. 1830இல் மிஷனரி ரேனியஸ் தொடங்கிய தர்ம சங்கம் இம்முயற்சியை ஓர் அமைப்பாகவே ஆக்கியது. திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஓரங்களில் இப்படி எழுந்த அடைக்கல ஊர்கள் பல.

இந்த ஊர்களின் வரலாறு நமக்கு இரண்டு விதத்தில் பயன்படும். ஒன்று, சான்றின் இயல்பு. அந்தத் துன்பங்களைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்துகளில் பெரும்பகுதி மிஷனரிகளுடையது. அடைக்கலம் கொடுத்தவர்களே எழுதிவைத்தது. துன்பம் பெரிதாகத் தெரிவதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. எதிர்த் தரப்பின் குரல் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. இன்றைய தஞ்சக் கோப்பிலும் இதே சிக்கல் உண்டு. பேசுகிறவர் பெரும்பாலும் பயன்பெறப் போகிறவர். அதனாலேயே அவர் சொல்வது பொய்யாகிவிடாது. மற்றச் சான்றுகளோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, கலந்த நோக்கம். அம்மக்கள் மெய்யான நம்பிக்கையால் மாறினார்களா, நிலத்துக்கும் பாதுகாப்புக்குமாக மாறினார்களா என்ற விவாதம் கால்டுவெல் காலத்திலிருந்து நடக்கிறது. அவருக்கும் முந்நூறு ஆண்டு முன்பே இந்தக் கரையில் அக்கேள்வி எழுந்திருக்க வேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். பாதுகாப்போடு திருமுழுக்கும் வந்தது. உள்நோக்கத்தைத் தோண்டும் இந்த ஆராய்ச்சி சமய வரலாற்றுக்கு முக்கியமானதாக இருக்கலாம். அடைக்கலத்துக்கு அது முக்கியமில்லை. நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவருடைய கூரையும் சொந்த ஊரில் எரிக்கப்பட்டிருக்கலாம். வறுமையும் அச்சமும் ஒருவரிடம் ஒரே சமயத்தில் இருக்க முடியும். ‘பொருளாதார அகதி’ என்று ஒருவரை முத்திரை குத்தித் தள்ளிவிடும் இன்றைய அதிகாரி மறந்துபோவது இதைத்தான்.

3. அச்சத்துக்கு அளவுகோல்

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையும் இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்தோடு அஞ்சுகிறவரை அகதி என்கின்றன. இந்தியா இரண்டிலும் கையெழுத்திடவில்லை. ஆயினும் உலகெங்கும் பயன்படும் அளவுகோல் இதுவே என்பதால் இங்கிருந்து தொடங்குவதே சரி.

அச்சம் மனத்துக்குள் இருப்பது. ஆதாரம் வெளியே இருப்பது. எதற்கு முதலிடம்? இந்தக் கேள்விக்கு இங்கிலாந்துச் சட்டம் கண்ட பதில் ஆறு ஈழத் தமிழர்களின் வழக்கில் பிறந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், அஞ்சுகிறவரின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்றது. 1987 டிசம்பரில், அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை அதை மாற்றியது. அச்சம் புறநிலையிலும் நியாயமாக இருக்க வேண்டும். ஆனால் துன்புறுத்தல் நிகழும் என்று உறுதியாக மெய்ப்பிக்கத் தேவையில்லை, நிகழக்கூடும் என்பதற்கு நியாயமான அளவு வாய்ப்பு இருந்தால் போதும் என்று அது வகுத்தது. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் இதே திசையில் சென்றது. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தால்கூட அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்ற விளக்கம் அங்கே வந்தது.

அளவுகோல் தாராளமானது, அளந்த கை தாராளமாக இல்லை. அந்தத் தமிழர்கள் தோற்றார்கள். 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் அங்கே பிடிபட்டு அடிபட்டார்கள். இலங்கையில் இருந்தபடியே மேல்முறையீடு செய்தார்கள். 1989இல் பிரிட்டிஷ் தீர்ப்பாளர் ஒருவர், இவர்களுடைய அச்சம் நியாயமானதே, திரும்ப அழைக்க வேண்டும் என்றார். அவர்கள் மீண்டும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் 1991 அக்டோபரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனைக் குற்றவாளி ஆக்கவில்லை. முடிவெடுத்த நாளில் அரசு அறிந்திருந்தது, அறிந்திருக்க வேண்டியது எது என்பதையே அது முதன்மையாகப் பார்த்தது. சட்டத் தர்க்கத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் தவறாகக் கணித்தால் அந்த விலையை யார் கொடுக்கிறார் என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 1979ஆம் ஆண்டுக் கையேடு, ஐயத்தின் பலனைக் கோரிக்கையாளருக்கே கொடுக்கச் சொல்வதற்கும், உண்மையைக் கண்டறியும் பொறுப்பில் விசாரிப்பவருக்கும் பங்கு உண்டு என்பதற்கும் இந்த விலையே காரணம்.

4. கதையும் தழும்பும்

லண்டனிலும் டொரண்டோவிலும் பாரிசிலும் ‘கேஸ்’ என்ற ஒரு சொல் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கையையே ஆண்டிருக்கிறது. கேஸ் என்பது கதை: எந்த ஆண்டு பிடித்தார்கள், எந்த முகாம், எத்தனை நாள், யார் பணம் கொடுத்து எடுத்துவிட்டது. நேர்காணலில் ஒரு தேதி, மேல்முறையீட்டில் வேறொரு தேதி என்றால் கேஸ் விழுந்துவிடும். நம்பகத்தன்மை என்ற பெயரில் நிராகரிக்கப்படும் கோரிக்கைகளில் பல இப்படி விழுந்தவையே.

இந்த முறையின் அடித்தளத்தை உளவியல் ஆய்வுகள் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கின்றன. ஜேன் ஹெர்லிஹியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் ஏற்கெனவே தங்கும் அனுமதி பெற்றிருந்த, அதனால் பொய் சொல்லத் தேவையே இல்லாத கொசோவோ, பொஸ்னிய அகதிகளிடம் அவர்களுடைய அனுபவத்தை இரு முறை கேட்டார்கள். இரண்டு விவரிப்புகளும் வேறுபட்டன. நிகழ்வின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் வேறுபாடு மிகுதி. மன அதிர்ச்சி கடுமையாக உள்ளவர்களுக்கு, இரு நேர்காணல்களுக்கும் இடைவெளி கூடக் கூட, முரண்களும் கூடின. அப்படியானால், தேதிப் பிசகை வைத்துப் பொய்யரைப் பிடிக்க நினைக்கும் அதிகாரி மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவரையே பிடித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

சொல்லை நம்பாவிட்டால் உடலையாவது நம்புவார்களா? பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்த்த ஒரு தமிழரின் வழக்கைப் பார்ப்போம். விடுதலைப் புலிகளுக்காக நகைகளை உருக்கிக் கொடுத்தவர் அவர்; அந்தத் தங்கம் எங்கே என்று கேட்டுப் படையினர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டதாகச் சொன்னார். உடலில் ஐந்து நீண்ட தழும்புகள். சில தழும்புகளின் விளிம்பு மிகத் தெளிவாக இருந்ததால் சூடு போடும்போது அவர் நினைவிழந்து அசையாமல் கிடந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். வலியில் நினைவிழந்ததாகவே அவரும் சொல்லியிருந்தார். கீழ்த் தீர்ப்பாயமோ அதே தெளிவை அவருக்கு எதிராகத் திருப்பியது: மயக்க மருந்து கொடுத்துத் தஞ்சத்துக்காக யாரையோ வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஐயப்பட்டது.

உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. நீதிபதி வில்சன் எழுதிய தீர்ப்பு, சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறையை முன்னிறுத்தியது. ‘ஒத்துப்போகவில்லை’ என்பதிலிருந்து ‘வேறெதனாலும் நேர்ந்திருக்க முடியாது’ என்பது வரை ஐந்து படிநிலைகள் அதில் உண்டு. காயம் எப்படி ஏற்பட்டது என்பதோடு, எந்தச் சூழலில் ஏற்பட்டது என்று அவர் சொல்லும் முழுக்கதையோடும் அது பொருந்துகிறதா என்று சொல்ல மருத்துவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு நிலைநாட்டியது. தஞ்சத்துக்காகத் தன்னைப் பிறர் கையால் சுட வைத்துக்கொள்கிறவர் மிக அரிதாகவே இருக்க முடியும் என்பதையும் சுட்டிக்காட்டியது. தழும்போடு வந்த மனிதர் இந்தச் சாதாரண நியாயத்தைப் பெற உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது. அந்த வசதி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

5. வழக்கா, பழிவாங்கலா?

அதீபிடம் திரும்புவோம். அரசியல்வாதியின் தஞ்சக் கோரிக்கை சாதாரணக் குடிமகனுடையதைவிடச் சிக்கலானது. அவர் அதிகாரத்தில் இருந்தவர். எதிரியும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு. குற்றத்துக்கான வழக்கும் அரசியல் பழிவாங்கலும் ஒரே காவல் நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

2015 ஜூனில், துணைக் குடியரசுத் தலைவருக்கான குறைந்தபட்ச வயதை 35இலிருந்து 30ஆகக் குறைக்க அரசியல் சாசனமே திருத்தப்பட்டது. அடுத்த மாதம் 33 வயதில் அதீப் அப்பதவிக்கு வந்தார். செப்டம்பர் 28 அன்று குடியரசுத் தலைவர் யாமீன் சென்ற படகில் வெடிப்பு. அடுத்த மாதம் அதீப் கைது. நவம்பரில் பதவி நீக்கம். வெடிகுண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொல்லியிருந்தும், கொலைச் சதி உள்ளிட்ட வழக்குகளில் அவருக்குக் கிடைத்த தண்டனைகள் மொத்தம் 33 ஆண்டுகள். 2018 தேர்தலில் யாமீன் தோற்றார். அரசியல் தலையீடு இருந்ததைக் காட்டி 2019இல் மாலத்தீவு நீதிமன்றங்களே அத்தண்டனைகளை ரத்து செய்தன. இதுவரை படித்தால், ஒரு முறை அரசியல் பழிவாங்கலுக்கு ஆளானவர் என்பதை அந்நாடே ஏற்றுக்கொண்டதாகிறது. முந்தைய துன்புறுத்தல் பிந்தைய அச்சத்துக்கு வலுவான சான்று.

மறுபக்கமும் கனமானது. பழிவாங்கிய ஆட்சி போய்விட்டது. புதிய அரசு விசாரித்துக்கொண்டிருந்தது சுற்றுலாத் தீவுக் குத்தகைப் பண மோசடியை. 2016ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை அதன் அளவை ஏறத்தாழ 7.9 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருந்தது. அவ்வழக்கால் அதீபுக்குப் பயணத்தடை இருந்தது. 2020 அக்டோபரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 ஆண்டு தண்டனை பெற்றார்.

பின்னால் வந்த ஒப்புதலை வைத்து, இந்தியா செய்தது சரி என்று முடித்துவிடலாமா? முடியாது. முடிவை அது எடுக்கப்பட்ட நாளின் தகவலை வைத்தே எடைபோட வேண்டும் என்பது பிரிட்டனைக் காப்பாற்றிய விதி. இங்கும் அது பொருந்த வேண்டும். குற்றம் செய்த ஒருவரைச் சிறையில் சித்திரவதை செய்யவும், உடந்தையாக இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்காதபடி வாயடைக்கவும் முடியும் என்பதால், குற்றவாளியா என்ற கேள்விக்கான விடை ஆபத்து உண்டா என்ற கேள்விக்கு விடை ஆகாது. இவ்வளவும் சொன்ன பிறகு என் கணிப்பையும் சொல்லிவிட வேண்டும்: முறையாக விசாரித்திருந்தால் அதீபின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். நான் குறை காண்பது முடிவில் இல்லை. அச்சத்தை ஆராய்ந்து எழுதிய முடிவு ஒன்று பொதுவெளியில் இல்லாததில்தான்.

அதே தீவு நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் முகமது நஷீத், கைதாணை வந்தபோது 2013 பிப்ரவரியில் மாலேயின் இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து பத்து நாள் அளவில் தங்கினார். 2015இல் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் 13 ஆண்டு தண்டனை பெற்று, சிகிச்சைக்காகப் பிரிட்டன் சென்ற அவருக்கு 2016 மே மாதம் அங்கே அகதித் தகுதி கிடைத்தது. தூதரகக் கதவு ஒருவருக்குத் திறந்தது, துறைமுகம் மற்றவருக்கு மூடியது. வேறுபாட்டுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். ஆனால் அவை எந்த விதியின்படி அமைந்தவை என்று காட்ட இந்தியாவிடம் சட்டம் இல்லை.

6. கடலிலேயே கேட்பது

கப்பலில் வைத்து விசாரித்துத் திருப்பியது தூத்துக்குடியில் மட்டும் நடந்ததல்ல. 2014 ஜூலையில் ஆஸ்திரேலியா, தன் கரையை நோக்கி வந்த படகு ஒன்றில் இருந்த 41 இலங்கையரைக் காணொளி வழியே சுருக்கமாக விசாரித்து, மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். அதே வாரங்களில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர்களை வாரக்கணக்கில் கப்பலிலேயே தடுத்து வைத்தது. சுருக்கமான கேள்விகளுக்கு, எந்தக் கடற்படையிடம் ஒப்படைக்கப்படுவோமோ என்ற அச்சத்தோடு, வழக்கறிஞர் இல்லாமல் சொல்லும் பதிலில் நான்காவது பிரிவில் பார்த்த நுட்பங்கள் எதற்கும் இடம் இருக்காது. ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் இத்தாலிக்கு எதிரான வழக்கில், பொதுக்கடலில் இடைமறித்தாலும் தனித்தனியே ஆராயாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று தீர்த்திருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் ஹெயித்தியர் வழக்கில் இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. மனித உயிரை வைத்துப் பார்த்தால் ஐரோப்பியத் தீர்ப்பே ஏற்கத் தக்கது.

7. தமிழகத்தின் கோப்புகள்

தமிழ்நாடு 1983 முதல் ஈழத் தமிழரை ஏற்றது தனித்தனி விசாரணையால் அல்ல, கூட்டம் கூட்டமாக. மண்டபத்தில் பெயர் பதிந்து, பாதுகாப்பு விசாரணை முடித்து, முகாமுக்கு அனுப்புவது முறை. தூத்துக்குடி மாவட்டத்தின் தாப்பாத்தி முகாமும் மாப்பிள்ளையூரணி முகாமும் அப்படி வந்தவர்களுடையவை. சாயர்புரம் பாணியில் அமைந்த பெருந்தன்மை இது; உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். ஏறத்தாழ 59,000 பேர் முகாம்களிலும் 34,000 பேர் வெளியிலும் வாழ்வதாக 2021இல் அரசு சொன்னது.

ஆனால் இதில் ஒரு குறை உள்ளே தங்கிவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் க்யூ பிரிவு கேட்டது ‘நீ இயக்கமா?’ என்பது; ‘திரும்பினால் உனக்கு என்ன ஆகும்?’ என்பதற்கான பதில் எந்தக் கோப்பிலும் முறையாக ஏறவில்லை. குழுவாக ஏற்பதை அரசு நிறுத்தும் நாளில் தனிமனிதரின் அச்சத்துக்குச் சான்றாக எடுத்துக்காட்ட ஆவணம் இருக்காது. 1992இல் திருப்பி அனுப்பும் படலம் தொடங்கியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று சரிபார்க்க வழக்கும், பிறகு சென்னையில் ஐ.நா. ஆணையத்தின் அலுவலகமும் தேவைப்பட்டன.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கு இக்குறையை வெளிச்சமிட்டது. புலிகள் தொடர்புக்காக உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தமிழ்நாட்டில் தண்டனை அனுபவித்த இலங்கைத் தமிழர் ஒருவர், நாடு திரும்பினால் ஆபத்து என்றார். எல்லா நாட்டு மக்களையும் ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்றும், இங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கே உண்டு என்றும், வேறு நாட்டுக்குப் போகலாம் என்றும் அமர்வு சொல்லிவிட்டது. அவர் கேட்டதன் சாரம் குடியிருப்பு உரிமையைவிட, திருப்பி அனுப்பப்படாமை. இந்தியத் தண்டனையே கொழும்பின் பார்வையில் அவரைப் பிரிவினைவாதியாகக் காட்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தின் கண்காணிப்புப் பட்டியலில் பெயர் இருக்கக்கூடுமா, பிரிவினை முயற்சியில் முக்கியப் பங்குள்ளவராக அரசு கருதுமா என்பவையே பிரிட்டிஷ் தீர்ப்பாயம் 2013லும் 2021லும் இலங்கை வழக்குகளுக்கு வகுத்துத் தந்த கேள்விகள். அவற்றைக் கேட்ட பிறகு, கடும் குற்றம் செய்தவர் என்று மறுக்கலாம். உடன்படிக்கையே அதற்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. கேட்காமல் மறுப்பது வேறு. 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம், மியான்மரிலிருந்து வந்த பத்திரிகையாளர்கள் ஐ.நா. ஆணையத்தை அணுகத் தில்லிக்குப் பாதுகாப்பாகச் செல்ல வழிசெய்து, உயிர்வாழும் உரிமையின் அடிப்படையில் வேறு பாதையைக் காட்டியிருந்தது.

இந்தியாவிடம் வழிமுறை அறவே இல்லை என்பதும் சரியல்ல. உள்துறை அமைச்சகம் 2011 டிசம்பரில் வெளியிட்ட நடைமுறை விதி, அரசியல் கருத்து உட்பட உடன்படிக்கையின் காரணங்களை ஏறத்தாழ அப்படியே ஏற்று, அச்சம் நியாயமானதென்று தெரிந்தால் நீண்டகால விசாவுக்குப் பரிந்துரைக்கச் சொல்கிறது. நிர்வாக உத்தரவு என்பதால் அதைப் பின்பற்றாத அதிகாரியைக் கேள்வி கேட்பது கடினம். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில் அகதிக்கு வரையறையே இல்லை. இலங்கைத் தமிழரில் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களுக்கு மட்டும் தனி உத்தரவால் விலக்கு கிடைத்தது. 2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவர்கள்.

சசி தரூர் 2015லும், மீண்டும் 2022லும் மக்களவையில் கொண்டுவந்த தஞ்சச் சட்ட வரைவு, தனி ஆணையமும் மேல்முறையீடும் வேண்டும் என்றது. தனிநபர் மசோதா என்பதால் நிறைவேறவில்லை. அதன் முழு வடிவம் உடனே வராவிட்டாலும், மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தஞ்சம் என்ற சொல்லை உச்சரித்த ஒவ்வொருவரிடமும், திவேகியோ சிங்களமோ அவருக்குத் தெரிந்த மொழியில், திரும்பினால் என்ன நடக்கும் என்று கேட்டு, பதிலை எழுதி, வாசித்துக் காட்டி, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.